மூன்று வருடமா, நான்கு வருடமா? அஸீஸின் வாழ்வு சொல்லும் பதில்

கடந்த மாதம் என் தங்கையின் மகள் ஒரு விண்ணப்பப் படிவத்தோடு வீட்டுக்கு வந்தாள். கலைப்பீடத்தில் முதலாம் வருடம் முடித்திருக்கிறாள். வரலாற்றில் நல்ல புள்ளிகள். சிறப்புக் கற்கைக்கு விண்ணப்பிக்கலாம். ஆனால், பொதுப் பட்டத்தை மூன்று வருடத்தில் முடித்துக்கொண்டு ஒரு தொழிலைப் பார் என்பதே வீட்டாரின் முடிவு. மாமா என்ன சொல்கிறீர்கள் என்று என்னிடம் கேட்டாள்.

எனக்கு மர்ஹூம் ஏ.எம்.ஏ. அஸீஸ் அவர்களின் ஞாபகம்தான் வந்தது.

1911ஆம் ஆண்டு யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையில் பிறந்தவர் அவர். குர்ஆன் மத்ரஸாவில் ஓதி, வைத்தீஸ்வர வித்தியாலயத்திலும் யாழ். இந்துக் கல்லூரியிலும் படித்து, கொழும்பு பல்கலைக்கழகக் கல்லூரிக்குச் சென்றார். உயர்கல்வியில் முஸ்லிம்களை விரல்விட்டு எண்ணக்கூடிய காலம் அது. அங்கே அவர் வரலாற்றைச் சிறப்புப் பாடமாக எடுத்து 1933இல் பட்டம் பெற்றார். மேற்படிப்புக்கு அரசாங்கப் புலமைப்பரிசிலும் கிடைத்து, கேம்பிரிட்ஜ் சென்றார்.

ஆனால் அங்கே அவர் நீண்ட காலம் இருக்கவில்லை. சிவில் சேவைப் பரீட்சையில் சித்தியடைந்த செய்தி வந்ததும் நாடு திரும்பி, 1935இல் இலங்கை சிவில் சேவையின் முதல் முஸ்லிம் உத்தியோகத்தரானார். அப்படியானால் சிறப்புப் பட்டம் வீணாகிவிட்டதா? நான் அப்படி நினைக்கவில்லை.

1942இல் ஜப்பானியக் குண்டுவீச்சுக்குப் பின், உணவு உற்பத்தியைப் பெருக்குவதற்காகக் கல்முனையில் திறக்கப்பட்ட அவசர கச்சேரிக்கு அவர் அனுப்பப்பட்டார். அங்கே நெல்லை மட்டும் அவர் பார்க்கவில்லை. கிழக்கிலங்கை முஸ்லிம்களின் வறுமையையும் கல்விக் குறைவையும் நேரில் கண்டார். ஒரு சமூகம் ஏன் பின்தங்கியது என்று காரணம் தேடும் பழக்கம் அவருக்கு வரலாற்றுப் படிப்பில் வந்தது என்பது என் எண்ணம். அந்தத் தேடலின் விளைவே 1945இல் அவர் தொடக்கிய இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதி. பணமில்லை என்பதற்காக ஒரு பிள்ளையின் படிப்பு பாதியில் நிற்கக்கூடாது என்பதே அதன் நோக்கம்.

1948இல் எல்லோரும் ஆசைப்பட்ட அந்த உத்தியோகத்தையே விட்டுவிட்டு கொழும்பு ஸாஹிராக் கல்லூரியின் அதிபரானார். 1961 வரையான அந்தக் காலத்தை ஸாஹிராவின் பொற்காலம் என்று இன்றும் சொல்வார்கள். 1952 முதல் செனட்டராகவும் இருந்தார். அவர் எழுதிய 'இலங்கையில் இஸ்லாம்' சாஹித்திய மண்டலப் பரிசு பெற்றது. இருபது வயதில் ஆழமாகப் படித்த பாடம் ஐம்பது வயதிலும் அவருக்குக் கைகொடுத்தது. 1973இல் வபாத்தானார். கேம்பிரிட்ஜ் படிப்பை முடிக்காமல் வந்த அவருக்கு 1980இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் கலாநிதிப் பட்டம் வழங்கிக் கௌரவித்தது.

என் கதை வேறு. வாப்பா நோயில் விழுந்ததால் நான் பொதுப் பட்டத்தோடு நிறுத்திக்கொண்டு ஆசிரியரானேன். அதில் வெட்கமில்லை. பொதுப் பட்டம் குறைந்த பட்டமும் அல்ல. பல பாடங்களைப் பரவலாகப் படிக்க விரும்புபவருக்கும், உடனே உழைக்க வேண்டியவருக்கும் அது நல்ல வழி. ஆனால் பத்து வருடம் கழித்து மேலே படிக்கப் போனபோது, முதலில் தகுதிகாண் பரீட்சை எழுது என்றார்கள். அன்று மிச்சம் பிடித்த ஒரு வருடத்துக்குப் பதிலாக இரண்டு வருடம் போயிற்று. இன்றும் தகைமைக் கட்டமைப்பில் மூன்று வருடப் பட்டம் 5ஆம் மட்டம், நான்கு வருடச் சிறப்புப் பட்டம் 6ஆம் மட்டம். ஆய்வுக்கும் பல்கலைக்கழக விரிவுரையாளர் பதவிக்கும் போக நினைப்பவருக்கு அந்த ஒரு படி பெரிய படி.

பிள்ளைக்கு அந்தப் பாடத்தில் உண்மையான ஆசை இருக்கிறதா என்பதே முதற்கேள்வி. ஆசை இல்லாவிட்டால் நான்காம் வருடம் சுமைதான். ஆசை இருந்தும், பணத்துக்காகவோ அவசரமாகக் கல்யாணம் பேசவேண்டும் என்பதற்காகவோ அந்த வருடத்தை நாம் வெட்டினால், அஸீஸ் எதற்காக அந்த நிதியை உண்டாக்கினாரோ அதை மறந்தவர்களாவோம்.

மருமகளிடம் வரலாறு பிடிக்குமா என்று மட்டும் கேட்டேன். தலையாட்டினாள். அன்றிரவே தங்கைக்குப் போன் எடுத்து, நான்காம் வருடச் செலவு என் பொறுப்பு என்று சொன்னேன். மறுநாள் படிவத்தில் வாப்பாவின் கையெழுத்தும் விழுந்தது, அல்ஹம்துலில்லாஹ்.

உங்கள் குடும்பத்திலும் இப்படியொரு படிவம் கையெழுத்துக்காகக் காத்திருக்கலாம். கொஞ்சம் விசாரித்துப் பாருங்கள்.