எடி ஃபட்ச்

குத்துச்சண்டை உலகம் போற்றும் பயிற்றுநர்களுள் ஒருவர் எடி ஃபட்ச். இவர் 1911ஆம் ஆண்டு அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் பிறந்தார். தென்மாநிலங்களில் வாழ்ந்த கறுப்பின மக்கள் பலர் வேலை தேடி வடக்கே சென்ற காலம் அது. எடிக்கு ஐந்து வயதானபோது அவருடைய குடும்பமும் டெட்ராய்ட் நகருக்குக் குடிபெயர்ந்தது.

அந்நகரின் புரூஸ்டர் மையத்தில் எடி குத்துச்சண்டை பயின்றார். பின்னாளில் உலகப் பட்டம் வென்ற ஜோ லூயிஸ் அங்கே அவருடைய பயிற்சித் தோழர். எடி எடை குறைந்தவர். ஆயினும் லூயிஸுடன் அஞ்சாது மோதிப் பழகினார். தொழில்முறை வீரராக முனைந்தபோது, மருத்துவர்கள் அவரது இதயத்தில் குறை இருப்பதைக் கண்டறிந்தனர். களமிறங்கும் கனவு அத்துடன் முடிந்தது.

எடி மனம் தளரவில்லை. தாம் கற்றதைப் பிறருக்குக் கற்பிக்கத் தொடங்கினார். பயிற்சி வருவாய் போதாமையால் அஞ்சல் துறையிலும் பணிபுரிந்தார். 1958இல் அவருடைய மாணவர் டான் ஜோர்டான் உலகப் பட்டம் வென்றார். எதிராளியின் பழக்கத்தைக் கூர்ந்து நோக்குவது எடியின் தனித்திறன். முகமது அலி வலக்கையைத் தாழ்த்தி மேல்நோக்கிக் குத்தும்போது, அவருடைய முகத்தின் வலப்பக்கம் காவலின்றி இருப்பதைக் கண்டார். அவ்வேளையில் இடக்கையால் தாக்குமாறு ஜோ ஃபிரேசியருக்குக் கற்பித்தார். 1971இல் ஃபிரேசியர் அலியை வென்றார். எடியின் மற்றொரு மாணவரான கென் நார்டன் 1973இல் அலியை வென்றார்.

1975 அக்டோபர் 1 அன்று, பிலிப்பைன்ஸ் நாட்டில் அலியும் ஃபிரேசியரும் மூன்றாம் முறையாக மோதினர். மொத்தம் 15 சுற்றுகள். 14ஆம் சுற்று முடிந்தபோது ஃபிரேசியரின் கண் வீங்கி மூடியிருந்தது. வரும் குத்துகளை அவரால் காண இயலவில்லை. எஞ்சியவை மூன்றே நிமிடங்கள். அலியும் மிகவும் சோர்ந்திருந்தார். ஃபிரேசியர் தொடரவே விரும்பினார். ஆனால், களத்தில் அடிபட்டு வீரர்கள் இறந்ததை எடி அறிந்தவர். ஃபிரேசியரின் பிள்ளைகளையும் அவர் எண்ணிப் பார்த்தார். போட்டியை நிறுத்துமாறு நடுவரிடம் தெரிவித்தார். உலகப் பட்டம் கைநழுவியது. மாணவரின் சினத்தையும் அவர் பொறுத்துக்கொண்டார்.

அதன்பின் லாரி ஹோம்ஸ், ரிடிக் போவ் முதலியோருக்கும் எடி பயிற்சியளித்தார். அவரிடம் பயின்ற ஃபிரெடி ரோச் தாமும் புகழ்பெற்ற பயிற்றுநரானார். இதயக் குறையால் களத்தைத் துறந்த எடி, 90 வயது வரை வாழ்ந்து 2001இல் மறைந்தார். அவர் காத்த ஃபிரேசியர், அந்தப் போட்டிக்குப் பின் 36 ஆண்டுகள் வாழ்ந்தார்.