வேதம் திறந்தது, ஜெபம் பிறந்தது!

முழங்காற்படியிட்டதும் மனசு எங்கெங்கோ ஓடுதா? விசுவாச வீரர் ஜார்ஜ் முல்லருக்கும் அப்படித்தான் இருந்தது!

1805-ல் பிரஷ்யாவிலே பிறந்த இவர், தகப்பன் பணத்தையே திருடினவர். 16 வயதிலே சிறைக்கும் போனார். 1825-ல் ஹாலே பட்டணத்து வீட்டுக்கூட்டத்தில், ஒருவர் முழங்காலில் நின்று ஜெபிப்பதைக் கண்டார். அங்கேதான் வாழ்க்கை திரும்பியது.

பிரிஸ்டலில் ஊழியம் செய்த நாட்களிலே, காலையில் எழுந்ததும் ஜெபிக்க ஆரம்பிப்பார். அரைமணி நேரம்கூட மனசு அலையும். 1841-ல் ஒன்றைக் கற்றுக்கொண்டார். முதலாவது வேதத்தை வாசித்துத் தியானித்தார். பாவ அறிக்கையும் ஸ்தோத்திரமும் விண்ணப்பமும் தானாய்ப் பொங்கிவந்தது!

மனுஷரிடம் கையேந்தாமல், ஜெபித்தே 10,000-க்கும் அதிகமான அனாதைப் பிள்ளைகளைப் போஷித்தார். 1898-ல் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்.

நாளைக் காலையிலே வேதத்தோடு தேவசமுகத்தில் உட்காருங்க. முதல்ல அவர் பேசட்டும்; அப்புறம் நீங்க பேசுங்க!