பெண்களின் மனக்கவலை தீர்த்த டாக்டர் கெகல்

இருமினால் சிறுநீர் கசியும். சிரித்தால் கசியும். கனமான பொருளைத் தூக்கினாலும் கசியும்.

பிள்ளை பெற்ற பெண்கள் பலருக்கு இந்தத் தொல்லை உண்டு. வெளியே சொல்ல வெட்கம். கணவனிடம் சொல்லவும் தயக்கம். விசேஷங்களுக்குப் போகாமல் வீட்டிலேயே அடைந்து கிடந்தவர்கள் பலர்.

இதற்குக் கத்தி இல்லாமல் வழி காட்டியவர், டாக்டர் ஆர்னால்டு கெகல்.

அவர் 1894-ம் ஆண்டு அமெரிக்காவில் பிறந்தார். டாக்டருக்குப் படித்தார். பெண்கள் நோய் மருத்துவத்தில் தேர்ச்சி பெற்றார். லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் உள்ள தெற்கு கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் மருத்துவ உதவிப் பேராசிரியராக இருந்தார்.

தூளி போன்ற தசை

இடுப்பு எலும்பின் அடியில் ஒரு தசை இருக்கிறது. குழந்தையைத் தூளி தாங்குவது போல, அது சிறுநீர்ப் பையையும் கருப்பையையும் தாங்குகிறது. பிரசவத்தில் இந்தத் தசை தளர்ந்து விடும். அதனால்தான் சிறுநீரை அடக்க முடிவதில்லை.

அந்தக் காலத்தில் இதற்கு ஆபரேஷன்தான் வழக்கம். கெகல் வேறு விதமாக யோசித்தார். கை, கால் தசைகள் பயிற்சியால் வலுப்பெறுகின்றன. இந்தத் தசை மட்டும் வலுப்பெறாதா?

தசையைச் சுருக்கும்படி பெண்களிடம் சொன்னார். ஆனால் பலருக்கு அது எந்தத் தசை என்றே தெரியவில்லை. சிலர் வயிற்றை இறுக்கினார்கள். சிலர் முக்கினார்கள். முக்கினால் பலன் இல்லை. தசை மேலும் தளரும்.

முள் அசைந்தது!

கெகல் ஒரு கருவி செய்தார். அதன் பெயர் பெரினியோமீட்டர். ரத்த அழுத்தம் பார்க்கும் கருவி போன்றது அது. காற்று அடைத்த சிறு பகுதியைப் பெண்ணுறுப்பின் உள்ளே வைக்க வேண்டும். தசையைச் சுருக்கினால், வெளியே உள்ள முள் நகரும்.

சரியாகச் செய்கிறோம் என்பதைப் பெண்கள் தங்கள் கண்ணாலேயே கண்டார்கள். நாளுக்கு நாள் அளவு கூடியது. அதைக் குறித்து வைத்தார்கள். தன்னாலும் முடியும் என்ற தைரியம் பிறந்தது.

1948-ம் ஆண்டு கெகல் தமது முறையை மருத்துவப் பத்திரிகையில் வெளியிட்டார். அந்தப் பயிற்சிக்கு அவர் பெயரே நிலைத்து விட்டது.

புற்றுநோயாளிகளுக்கும் உதவி

கெகல் மறைந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன. அவர் பயிற்சி இன்று புற்றுநோயாளிகளுக்கும் சொல்லித் தரப்படுகிறது. ஆண்களுக்குப் புராஸ்டேட் சுரப்பியைப் புற்றுநோய்க்காக அகற்றினால், சிறுநீர் கசிவது உண்டு. கருப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் கதிர் சிகிச்சை பெறும் பெண்களுக்கும் இடுப்புத் தசைகள் பாதிக்கப்படலாம்.

ஆனால் இங்கே ஒரு சிக்கல். சிகிச்சையால் உடல் சோர்ந்திருக்கும். மனமும் சோர்ந்திருக்கும். தன்னால் ஆகாது என்று நினைப்பவர், நான்கு நாளில் பயிற்சியை விட்டுவிடுவார்.

நம்பிக்கைக்கும் மதிப்பெண்

ஒரு காரியத்தைத் தன்னால் செய்ய முடியும் என்ற நம்பிக்கை இருந்தால்தான் மனிதன் அதில் நிலைத்து நிற்பான். மனநூல் அறிஞர் ஆல்பர்ட் பந்துரா 1977-ம் ஆண்டு இதை விளக்கி எழுதினார். பின்னர் புரூம் என்ற அமெரிக்கப் பெண்மணி, சிறுநீர் கசிவு உள்ள பெண்களுக்காக ஒரு கேள்விப் பட்டியல் தயாரித்தார். இடுப்புத் தசைப் பயிற்சியில் எவ்வளவு நம்பிக்கை இருக்கிறது என்று அது கேட்கும். நோயாளி 0 முதல் 100 வரை மதிப்பெண் போட வேண்டும்.

மதிப்பெண் குறைந்தால் அது நோயாளியின் குற்றம் அல்ல. அவருக்கு இன்னும் பொறுமையாகச் சொல்லித் தர வேண்டும் என்பதற்கு அடையாளம். முதலில் படுத்தபடி செய்யலாம். பிறகு உட்கார்ந்து, பிறகு நின்று செய்யலாம். மூச்சை அடக்கக் கூடாது. சிகிச்சையில் இருப்பவர்கள் டாக்டரைக் கேட்டுத்தான் தொடங்க வேண்டும்.

வெட்கப்பட்டு மறைத்த நோயை வெளியே சொல்ல வைத்தார் கெகல். சொன்னவர்களுக்கு வழியும் காட்டினார்.