யானைக்கு ஒரு பகுதி, காப்பிக்கு ஒரு கணக்கு: எமர்சன் டெனன்ட்

ஜேம்ஸ் எமர்சன் டெனன்ட் 1859இல் வெளியிட்ட இலங்கை பற்றிய பெரிய நூலில் யானைக்கென்றே ஒரு முழுப் பகுதி இருக்கிறது. காப்பித் தோட்டங்களுக்கு இந்தியாவிலிருந்து வந்த தமிழர்களுக்கு ஒரு தனி அத்தியாயம்கூட இல்லை. கினிகத்தேனைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவன் நான். அந்த நூலில் முதலில் தேடியது எங்கள் ஆட்களைத்தான்.

டெனன்ட் 1804இல் அயர்லாந்தின் பெல்பாஸ்ட் நகரில் ஒரு வணிகரின் மகனாகப் பிறந்தார். இளவயதில், துருக்கியருக்கு எதிராகக் கிரேக்கர் விடுதலைக்குப் போராடியபோது அவர்களை ஆதரித்து அங்கேயே போனார். பயணக் கடிதங்கள் எழுதினார். 1830இல் நவீன கிரேக்கத்தின் வரலாற்றை வெளியிட்டார். செல்வந்தர் வீட்டுப் பெண்ணை மணந்து அந்தக் குடும்பப் பெயரான டெனன்டையும் சேர்த்துக்கொண்டார். 1832இல் நாடாளுமன்ற உறுப்பினர். 1845இல் இலங்கையின் குடியேற்றச் செயலாளர், அதாவது ஆளுநருக்கு அடுத்த ஆள்.

அவர் வந்து கொஞ்ச நாளில் காப்பி விலை விழுந்தது, கஜானா காலியானது. ஏற்றுமதி வரியைக் குறைத்து, மக்களிடம் நேரடியாக வரி வாங்கலாம் என்பது அவருடைய நிதி அறிக்கையின் யோசனை. தோட்ட முதலாளிக்கு இது நல்லது, கிராமத்தவனுக்கு அல்ல. 1848இல் ஆளுநர் டொரிங்டன் துப்பாக்கிக்கும் நாய்க்கும் கடைக்கும் வரி போட்டார். ஆண்கள் ஆண்டுக்கு 6 நாள் வீதி வேலை செய்ய வேண்டும் என்றும் சட்டம் வந்தது. யூலையில் மாத்தளையிலும் குருநாகலிலும் கண்டிச் சிங்களவர் கிளர்ந்தனர். இராணுவச் சட்டம் வந்தது. புரன் அப்புவைச் சுட்டுக் கொன்றார்கள். ஒரு பிக்குவைக் காவியுடையோடு சுட்டார்கள். கிரேக்கனின் கலகம் விடுதலைப் போர், கண்டியானின் கலகம் குற்றம். டெனன்டின் வாழ்க்கையில் இந்த இரண்டும் எப்படி ஒன்றாக இருந்தன என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. இலண்டனில் நாடாளுமன்ற விசாரணை நடந்தது, அதிகாரிகள் ஒருவரையொருவர் காட்டிக்கொடுத்தார்கள். டொரிங்டன் போனார், டெனன்டும் இலங்கைக்குத் திரும்பவில்லை.

அதன் பிறகுதான் அந்த நூல். இரண்டு பாகங்கள், பாறை, பறவை, குளம், முத்துக்குளிப்பு, யாழ்ப்பாணத்துப் பனை என்று எல்லாம் இருக்கிறது. ஒரே ஆண்டில் மீண்டும் மீண்டும் அச்சிட்டார்கள். அத்தனை விபரத்தை ஒருவர் திரட்டியது பெரிய உழைப்பு, அதை மறுக்க முடியாது. ஆனால் பழைய வரலாற்றுக்கு அவர் நம்பியது பெரும்பாலும் டேர்னர் மொழிபெயர்த்த மகாவம்சத்தை. தமிழர் அவருக்கு 'மலபார்கள்'. அவர்களுடைய ஆட்சிக்கு ஓர் அத்தியாயம், ஆதிக்கம் என்ற தலைப்பில். எல்லாளனுக்கும் துட்டகைமுனுவுக்கும் இன்னோர் அத்தியாயம். வந்து போகிற படையெடுப்பாளர் ஒரு பக்கம், வந்து போகிற கூலிகள் மறு பக்கம். 1948இல் எங்கள் குடியுரிமையைப் பறித்த சட்டத்துக்கு அந்த நூல்தான் காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் வந்து போகிறவர்கள் என்ற அதே எண்ணம் அந்தச் சட்டத்திலும் இருந்தது.

டெனன்ட் கொழும்பில் இருந்த காலத்தில்தான் எங்கள் முப்பாட்டன்மார் மன்னாரில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்தார்கள். வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் பசியிலும் பலர் வழியிலேயே விழுந்தார்கள். காப்பி மூடைக்குத் துல்லியமாகக் கணக்கு வைத்த அரசாங்கத்திடம் அந்தப் பிணங்களுக்குச் சரியான கணக்கு இல்லை. 1977 வன்செயலுக்குப் பிறகு மலையகத்திலிருந்து ஓடியவர்கள் போய்க் குடியேறியது, அந்தப் பாதை தொட்டுச் சென்ற வன்னியில். அங்கிருந்தும் 2009இல் என்ன ஆனார்கள் என்பது இதை வாசிப்பவர்களுக்குத் தெரியும்.

1867இல் டெனன்டுக்குப் பரம்பரைப் பட்டம் கிடைத்தது. அதே ஆண்டு லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். 1869 மார்ச்சில் டெனன்ட் இலண்டனில் இறந்தார். அந்த ஆண்டே மடூல்சீமைக் காப்பிச் செடிகளின் இலையில் மஞ்சள் புள்ளிகளைக் கண்டார்கள். சில ஆண்டுகளில் காப்பி அழிந்தது. வெட்டிய செடிகள் இருந்த இடத்தில் தேயிலை நட்டவர்களும் எங்கள் ஆட்கள்தான்.