குறி தவறாத மருந்தைத் தேடியவர்

உயர்தர உயிரியலில் நிர்ப்பீடனம் படிக்கும் எங்களுக்கு, பிறபொருளெதிரி என்ற சொல் வாய்ப்பாடமாகிவிட்டது. அதன் பின்னால் ஒரு மனிதரின் வாழ்நாள் உழைப்பு இருக்கிறது. அவர் போல் ஏர்லிக்.

1854 மார்ச் 14ஆம் திகதி, அன்றைய பிரஷ்யாவின் ஸ்ட்ரேலன் என்ற சிற்றூரில் யூதக் குடும்பமொன்றில் அவர் பிறந்தார். இன்று அவ்வூர் போலந்தில் இருக்கிறது. தாயின் உறவினரான காள் வைகெர்ட் நோயியல் அறிஞர். இழையங்களுக்குச் சாயமூட்டி நுணுக்குக்காட்டியில் பார்க்கும் ஆர்வம் அவரிடமிருந்தே ஏர்லிக்குக்குத் தொற்றியது. 1878இல் அவருக்கு வைத்தியப் பட்டம் பெற்றுக்கொடுத்த ஆய்வும் சாயங்களைப் பற்றியதே.

ஒரு சாயம் ஒருவகைக் கலத்தில் மட்டும் ஒட்டும். பக்கத்துக் கலத்தைத் தொடாது. பலரும் பார்த்த காட்சிதான் இது. ஏர்லிக் அதில் ஒரு வழியைக் கண்டார். சாயம் தன் இடத்தைத் தேடிப் போகுமானால், மருந்தும் நோயை மட்டும் தேடிப் போகலாம் அல்லவா? 1891இல் மெதிலின் நீலம் என்ற சாயத்தையே மலேரியா நோயாளர் இருவருக்குக் கொடுத்துப் பார்த்தார்.

அவரது பாதை இலகுவானதல்ல. காசநோய்க் கிருமிக்குச் சாயமூட்டும் முறையைச் சீர்செய்த அவரையே காசநோய் பிடித்தது. குணமடைய எகிப்துக்குப் போய்த் தங்கினார். திரும்பி வந்து தொண்டைக்கரப்பான் எதிர்மருந்தின் வலிமையை அளக்கும் முறையை வகுத்தார். 1897இல், கலங்களின் மேற்பரப்பில் பூட்டுப்போன்ற பகுதிகள் உள்ளன என்றும், அவை கழன்று குருதியில் கலப்பவையே பிறபொருளெதிரிகள் என்றும் விளக்கினார். அதன் நுணுக்கங்கள் பின்னர் திருத்தப்பட்டாலும் அடிப்படை நிலைத்தது. 1908இல் மெச்னிகோவுடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

அடுத்த ஆண்டு ஜப்பானிய அறிஞர் சஹாசிரோ ஹத்தா, ஏர்லிக்கின் ஆய்வுகூடத்தில் ஒதுக்கப்பட்டிருந்த 606ஆம் இலக்கச் சேர்வையை மீண்டும் சோதித்தார். அது சிபிலிஸ் கிருமியை அழித்தது. 1910இல் சல்வர்சான் என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. ஆனால் அது ஆசனிக் கலந்த மருந்து. சிலருக்குக் கடும் தீங்கும் விளைந்தது. ஏர்லிக் பழிக்கு முகங்கொடுத்தார். 1915 ஓகஸ்ட் 20ஆம் திகதி காலமானபோது, அவர் கனவுகண்ட, நோயை மட்டும் தாக்கும் மந்திரத் தோட்டா முழுமை பெற்றிருக்கவில்லை.

அந்தக் குறை எவ்வளவு பெரியது என்பதை நான் வீட்டில் பார்த்தேன். உம்மம்மாவுக்குப் புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிய மாதங்களில் முடி உதிர்ந்தது. வாய் புண்ணாகிக் கஞ்சிகூட இறங்கவில்லை. வேகமாகப் பிரியும் கலம் எதுவானாலும் அம்மருந்து தாக்கும். நல்லது கெட்டது அதற்குத் தெரியாது. தெஹிவளையிலிருந்து மஹரகம அபேக்ஷா வைத்தியசாலைக்குப் போய்வரும் குடும்பங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

ஏர்லிக்கின் கனவை மற்றவர்கள் தொடர்ந்தார்கள். 1975இல் கோலரும் மில்ஸ்டைனும் ஒரே வகைப் பிறபொருளெதிரியை வேண்டிய அளவு உருவாக்கும் வழியைக் கண்டார்கள். அதில் கதிர்த்தொழிற்பாட்டு அணுவைப் பொருத்தினால், புற்றுக் கலத்தைத் தேடிப்போய்க் கதிர் பாய்ச்சும். ஆயினும் பிறபொருளெதிரி பெரிய மூலக்கூறு; நாட்கணக்கில் குருதியில் சுற்றும். அவ்வளவு நேரமும் என்புமச்சை கதிர்பட்டு வாடும்.

அதனால் 1980களில் அறிஞர்கள் வேலையை இரண்டாகப் பிரித்தார்கள். முதலில் கதிரில்லாத பிறபொருளெதிரியை ஏற்றுவார்கள். அது புற்றில் ஒட்டும். மிச்சம் குருதியிலிருந்து நீங்கும்வரை சில நாட்கள் காத்திருப்பார்கள். பிறகே கதிரைச் சுமந்த சிறு மூலக்கூறை ஏற்றுவார்கள். அது காத்திருக்கும் பிறபொருளெதிரியில் போய்ப் பூட்டிக்கொள்ளும். பூட்டாதது சில மணித்தியாலங்களில் சிறுநீரகம் வழியே வெளியேறிவிடும். படம்பிடிக்க ஒரு வகை அணு, அழிக்க இன்னொரு வகை. புற்று எங்கே ஒளிந்திருக்கிறது என்று பார்க்கவும் அதையே தாக்கவும் ஒரே வழி உதவுகிறது.

இம்முறை பெரும்பாலும் இன்னும் ஆய்வு நிலையிலேயே இருக்கிறது. சாயத்தின் நிறத்தைப் பார்த்து ஏர்லிக் கேட்ட கேள்விக்கு நூறாண்டு கடந்தும் விடை தேடிக்கொண்டிருக்கிறார்கள். பரீட்சைக்காக மனனம் செய்யும் ஒரு சொல், யாரோ ஒருவரின் உம்மம்மா கஞ்சி குடிக்க முடிவதோடு சம்பந்தப்பட்டது என்பதை, தோழியரே, நான் இவரது வாழ்விலிருந்தே விளங்கிக்கொண்டேன்.