மருந்தும் தந்தார், எச்சரிக்கையும் தந்தார்

பெனிசிலின் என்றதும் நம் நினைவுக்கு வருபவர் அலெக்சாண்டர் பிளெமிங். தட்டில் பூஞ்சை விழுந்தது, கிருமி அழிந்தது, நோபல் பரிசு கிடைத்தது என்ற அளவில்தான் பள்ளி நாளில் நான் அவரை அறிந்திருந்தேன். பல்கலைக்கழகத்தில் நுண்ணுயிரியல் பயிலத் தொடங்கிய பிறகே அவர் வாழ்க்கையின் மறுபாதி எனக்குத் தெரிய வந்தது. நம் காலத்திற்கு அதிகம் தேவைப்படுவது அந்த மறுபாதிதான்.

பிளெமிங் 1881 ஆகஸ்டு 6ஆம் நாள் ஸ்காட்லாந்தில் ஒரு பண்ணை வீட்டில் பிறந்தார். சிறுவயதிலேயே தந்தையை இழந்தவர், லண்டனுக்கு வந்து ஒரு கப்பல் நிறுவன அலுவலகத்தில் நான்கு ஆண்டுகள் வேலை பார்த்தார். உறவினர் விட்டுச்சென்ற சொத்தில் பங்கு கிடைத்ததால் செயின்ட் மேரீஸ் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, 1906இல் மருத்துவரானார்.

முதல் உலகப் போரின்போது பிரான்சில் பணியாற்றினார். ஆழமான காயங்களில் ஊற்றிய கிருமிநாசினி, உள்ளே ஒளிந்திருந்த கிருமிகளை எட்டாமல், அவற்றோடு போராடும் வெள்ளை அணுக்களையே அழித்தது. இதைச் சோதனைகளால் நிறுவிய பிளெமிங், உடலைக் கெடுக்காமல் கிருமியை மட்டும் ஒழிக்கும் பொருளைத் தேடலானார்.

1928 செப்டம்பரில் விடுமுறை முடிந்து திரும்பியவர், ஸ்டெஃபிலோகாக்கஸ் கிருமிகள் வளர்ந்த தட்டொன்றில் பூஞ்சையைக் கண்டார். அதைச் சுற்றிலும் கிருமிகள் அழிந்திருந்தன. ஆனால் அந்தப் பொருளைத் தூய மருந்தாகப் பிரித்தெடுக்க அவரால் இயலவில்லை. ஆக்ஸ்போர்டில் ஃபுளோரி, செயின் ஆகியோரின் குழு அதைச் சாதித்தது. 1941இல் அம்மருந்தைப் பெற்ற காவலர் ஒருவர் தேறி வந்தார். மருந்து தீர்ந்துபோகவே இறந்தார். அவ்வளவு அரிய பொருளாக இருந்தது பெனிசிலின்.

1945இல் மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. பாராட்டு மழைக்கு நடுவே பிளெமிங் ஆற்றிய உரைதான் என்னை வியக்க வைத்தது. கிருமியைக் கொல்லப் போதாத அளவில் மருந்து கொடுத்தால், அது மருந்தையே எதிர்க்கும் வல்லமை பெறும் என்பதை அவர் அறிந்திருந்தார். அதை விளக்க ஒரு கற்பனைக் கதை சொன்னார். தொண்டைவலி கண்ட ஒருவர் தாமாகவே பெனிசிலின் வாங்கிக் குறைவாக உட்கொள்கிறார். சாகாமல் தப்பிய கிருமி அவர் மனைவியைத் தொற்றுகிறது. நிமோனியா கண்ட அந்தப் பெண்ணுக்கு மருந்து பலிக்கவில்லை, இறந்துபோகிறார். அந்தச் சாவுக்குக் கணவரே பொறுப்பு என்றார் பிளெமிங்.

அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு என்பது நம்மவர் வாக்கு. அளவு குறைந்தாலும் அப்படித்தான் என்று பிளெமிங் அதற்கு ஓர் அடி சேர்த்ததாக எனக்குத் தோன்றுகிறது.

1955 மார்ச் 11ஆம் நாள் அவர் மறைந்தார். பெனிசிலினை வென்ற கிருமிகளை அடக்கவென்றே மெத்திசிலின் உருவாக்கப்பட்டது. 1961இல் அதற்கும் அடங்காத ஸ்டெஃபிலோகாக்கஸ் இங்கிலாந்தில் கண்டறியப்பட்டது. 2019ஆம் ஆண்டில் மட்டும், மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்களால் உலகெங்கும் 1.27 மில்லியன் பேர் உயிரிழந்ததாக ஆய்வாளர்கள் மதிப்பிட்டுள்ளனர்.

பிளெமிங் அஞ்சியது குறைவான அளவை. இன்று தேவையற்ற பயன்பாடும் அதே தீங்கைச் செய்கிறது. சளிக்காய்ச்சல் பெரும்பாலும் வைரஸால் வருவது. ஆன்டிபயாட்டிக் அதைத் தொடாது. மருத்துவமனைகள் கைகழுவுதலை வலியுறுத்துகின்றன, தொற்றுள்ளவரைத் தனியறையில் வைக்கின்றன. நம் பங்கும் உண்டு, நண்பர்களே. விடுதியில் அடுத்த அறைத் தோழர் அன்போடு நீட்டும் மிச்ச மாத்திரையை அன்போடு மறுப்போம். மருத்துவர் தந்ததை, தந்த அளவில், சொன்ன நாள்வரை உண்போம். பிளெமிங்கின் கதையில் வரும் கணவர், தாம் தவறு செய்கிறோம் என்று அறியாமலே செய்தார். நமக்கு அந்தச் சாக்கு இல்லை.