கர்னல் ஆல்காட்டும் பிப்ரவரி பதினேழும்

ஆண்டுதோறும் பிப்ரவரித் திங்கள் 17-ஆம் நாள் வருகின்றது, போகின்றது. நம்மவருள் பலர் அந்நாளை ஒரு நாளாகக் கருதுவதில்லை. 1907-ஆம் ஆண்டு அந்நாட் காலையில், சென்னை அடையாற்றங்கரையிலுள்ள தோட்ட மாளிகையொன்றில், எழுபத்து நான்கு ஆண்டும் ஆறு திங்களும் வாழ்ந்து முடித்த ஓர் அமெரிக்கப் பெரியவர் கண் மூடினார். ஹென்றி ஸ்டீல் ஆல்காட் என்பது அவர் பெயர். தமிழ்நாட்டில் பௌத்தம் மீண்டும் தழைக்கத் தொடங்கிய வரலாற்றை எழுதப் புகுவோர் எவரும் அப்பெயரை விலக்கி எழுதுதல் இயலாது.

அதே பிப்ரவரி 17-இல், அவர் மறைவதற்கு முந்நூற்றேழு ஆண்டுகட்கு முன்னர், உரோமாபுரியின் கம்போ தெ ஃபியோரி என்னும் சந்தைச் சதுக்கத்தில் ஓர் அறிஞரை உயிரோடு கொளுத்தினர். அவர் ஜியோர்தானோ புரூனோ. நோலா நகரிற் பிறந்து, துறவு பூண்டு, பின் மடத்தை விட்டு நீங்கி, நாடு நாடாகத் திரிந்தவர். உலகங்கள் எண்ணிறந்தன என்றும், விண்மீன்கள் யாவும் ஞாயிறுகளே என்றும் அவர் கற்பித்தார். 1592-இல் வெனிஸ் நகரில் பிடிபட்டார். ஏறத்தாழ எட்டாண்டு சிறையிலிருந்தும் தம் கொள்கையை மாற்ற உடன்படவில்லை. கொலைக்களத்திற்குக் கொண்டு செல்லும்போது அவர் பேசாவண்ணம் நாவைக் கட்டியிருந்தனர் என்பர். எண்ணிறந்த உலகங்களைப் பற்றிய பேச்சு நம் பௌத்த நூல்களைப் பயின்றோர்க்குப் புதியதன்று. அதனைச் சொன்னதற்காக ஒருவரை எரித்தனர் என்பதே நமக்குப் புதியது.

இவ்விரு மரணங்களும் ஒரே நாளில் நேர்ந்தமையைக் கொண்டு, தியாசபிகல் சங்கத்தார் பிப்ரவரி 17-ஐ அடையாறு நாளாகக் கொண்டாடி வருகின்றனர். அச்சங்கத்தார் உலக குருவாக வளர்த்து, பின் அப்பட்டத்தைத் தாமே துறந்து வெளியேறிய ஜே. கிருஷ்ணமூர்த்தியும் 1986-இல் அதே பிப்ரவரி 17-இல் கலிபோர்னியாவில் மறைந்தார். இதைக் கேட்போர் வியப்பர். ஆயினும் ஒன்றைக் கருதல் வேண்டும். ஆண்டுக்கு நாட்கள் முந்நூற்று அறுபத்தைந்தே; நிகழ்ச்சிகளோ கணக்கில. அவை ஒன்றன்மேல் ஒன்று வந்து விழாமலிருந்தாலன்றோ வியப்பு! மேலும், நாள் என்பது மனிதர் இட்ட பெயரே. உரோமாபுரி 1582-லேயே திருத்திய நாட்காட்டியை ஏற்றது. இங்கிலாந்து 1752 வரை ஏற்கவில்லை. ஆதலால் புரூனோ எரிந்த அதே பொழுதில் இலண்டனில் இருந்தவன் பிப்ரவரி 7 என்றே எழுதியிருப்பான்.

நட்சத்திரத்தையும் நல்ல நேரத்தையும் நம்பிக் காரியத்தைக் கெடுத்துக்கொண்டோரின் கதையை நக்கத்த ஜாதகம் கூறுகின்றது. குறித்த நாளில் மணமகளை அழைத்து வரவேண்டியவர்கள், சோதிடன் சொற்கேட்டு அன்று போகாதிருந்தனர். பெண்வீட்டார் காத்திருந்து பார்த்துவிட்டு, வேறொருவனுக்கு அவளை மணஞ்செய்து கொடுத்துவிட்டனர். அக்கதையைக் கேட்டு வளர்ந்த நாம், நாளினால் மனிதர் பெருமை பெறுகின்றனர் என்று கொள்வதற்கில்லை. ஆல்காட்டோ இதிற் சற்றே மாறுபட்டவர். தம் சங்கத்தின் நிகழ்ச்சிகளில் ஏழு என்னும் எண் மீண்டும் மீண்டும் வருதலைத் தம் நாட்குறிப்பு நூலில் வியந்து குறித்துள்ளார். அவ்வளவில் அதை விடுத்து, அவர் வாழ்வைக் காண்போம்.

1832-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 2-ஆம் நாள், நியூ ஜெர்சி மாநிலத்து ஆரஞ்ச் என்னும் ஊரில், கிறித்தவப் பற்று மிக்க குடும்பத்தில் ஆல்காட் தோன்றினார். தந்தையின் வாணிகம் நொடித்தமையால் கல்லூரிப் படிப்பு இடையில் நின்றது. இளமையில் ஒஹாயோ சென்று உழவு செய்தார். பின் விவசாய விஞ்ஞானத்தில் பெயர் பெற்றுச் சோளப்பயிர் பற்றிய நூலொன்றும் எழுதினார். அதன்பின் நியூயார்க் டிரிபியூன் என்னும் நாளிதழில் விவசாயப் பகுதியின் ஆசிரியரானார்.

1859 டிசம்பர் 2-இல் வர்ஜீனியாவில் ஜான் பிரௌன் தூக்கிலிடப்பட்டார். நீக்ரோ அடிமைகளை விடுவிக்க வாளெடுத்த வெள்ளையர் அவர். அடிமை முறையை எதிர்த்த டிரிபியூன் இதழின் நிருபர் எவரேனும் அங்கே அகப்பட்டால் உயிர் தப்புதல் அரிது. உழவு பற்றி எழுதிக்கொண்டிருந்த ஆல்காட் அப்பணியைத் தாமே விரும்பி ஏற்று, உள்ளூர்க் காவற்படையொன்றினுள் புகுந்து நின்று, அத்தூக்கைக் கண்ணாற் கண்டு எழுதினார். பின்னாளில் சென்னையில் தீண்டப்படாதார் குழந்தைகளுக்குப் பள்ளி வைத்த மனிதரின் விதை இங்கே தெரிகின்றது என்பது எம் கருத்து.

உள்நாட்டுப் போரில் வடபுலப் படையிற் சேர்ந்தார். நோயுற்று மீண்டபின், படைக்குப் பொருள் வழங்குவதிற் பெருங்கொள்ளை அடித்த ஒப்பந்தக்காரரைக் கண்டுபிடிக்கும் பொறுப்பை அரசாங்கம் அவருக்கு அளித்தது. கர்னல் என்னும் பட்டம் இக்காலத்தது. 1865 ஏப்ரல் 14-ஆம் நாள் இரவு ஆபிரகாம் லிங்கன் சுடப்பட்டு மறுநாட் காலை இறந்தபோது, அக்கொலைச் சதியை ஆராய அமைந்த மூவர் குழுவில் ஆல்காட்டும் ஒருவர். ஏப்ரல் 14 என்றதும் நம் அன்பர்கள் முகம் மலரும். 1891-இல் அதே நாளிலேதான் டாக்டர் அம்பேத்கர் பிறந்தார்.

போருக்குப்பின் ஆல்காட் நியூயார்க்கில் வழக்கறிஞரானார். நல்ல வருவாய் இருந்தது. மனம் மட்டும் நிலை கொள்ளவில்லை. ஆவிகள் தோன்றுவதாகப் பேசப்பட்ட வெர்மான்ட் மாநிலத்துப் பண்ணை வீடொன்றை ஆராயச் சென்றவர், அங்கே 1874 அக்டோபர் 14-இல் ருஷ்யப் பெண்மணியாகிய பிளவட்ஸ்கி அம்மையாரைச் சந்தித்தார். எண்பத்திரண்டு ஆண்டு கழித்து, அதே அக்டோபர் 14-இல், நாகபுரியில் அம்பேத்கரும் பல இலட்சம் மக்களும் மும்மணியைச் சரணடைந்தனர். வெர்மான்ட் வீட்டில் ஆவி பார்க்கப் போனதற்கும் நாகபுரித் தீட்சைக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. நினைவிற் பதித்துக்கொள்ள எளிதாயிருக்கின்றது என்பதே பயன். மறு ஆண்டு இவ்விருவரும் பிறரும் கூடித் தியாசபிகல் சங்கத்தை நியூயார்க்கில் நிறுவினர். 1878 இறுதியில், மணவாழ்வு முறிந்திருந்த ஆல்காட், தம் இரு புதல்வரையும் அமெரிக்காவில் விட்டுவிட்டுக் கப்பலேறினார். 1879 பிப்ரவரி 16-இல் பம்பாய் சேர்ந்தார்.

பாணந்துறையில் 1873-இல் மிகெட்டுவத்தே குணானந்த தேரர் கிறித்தவப் போதகரோடு நடத்திய வாதம் நூலாக அச்சேறி அமெரிக்கா வரை சென்றிருந்தது. அதனைப் படித்த நாள் தொட்டே ஆல்காட்டின் கண் இலங்கை மேல் இருந்தது. 1880 மே 17-இல் காலியில் இறங்கினார். மே 25-இல், மக்கள் திரண்டு நிற்க, பிளவட்ஸ்கி அம்மையாரோடு மண்டியிட்டுப் பஞ்சசீலம் ஏற்றார். ஆளும் நிறத்தார் ஒருவர் ஆளப்படுவோரின் சமயத்திற்குத் தலை வணங்கியதை அத்தீவு மக்கள் அதுவரை கண்டதில்லை. சரியாக எழுபது ஆண்டு சென்றபின், 1950-இல் அதே மே 25-இல் இலங்கையில் உலக பௌத்தர் பேரவை தோன்றியது. அதனைக் கூட்டிய மலலசேகர, ஆல்காட்டின் இயக்கம் ஈன்ற ஆனந்தா கல்லூரியில் பணிபுரிந்தவர். அம்மாநாட்டில் கலந்துகொண்ட இந்தியருள் அம்பேத்கரும் ஒருவர்.

ஆல்காட் இலங்கையிற் செய்தவை பல. 1881-இல் ஹிக்கடுவே சுமங்கல நாயக தேரரின் ஒப்புதலோடு பௌத்த வினாவிடை என்னும் சிறுநூலை வெளியிட்டார். அது இருபதுக்கும் மேற்பட்ட மொழிகளிற் சென்றது. பள்ளிகட்காக மாட்டுவண்டியில் ஊர் ஊராகச் சென்று பொருள் திரட்டினார். ஆயினும் நாட்களைப் பற்றிப் பேசும் இக்கட்டுரையில் விரித்துரைக்கத் தக்கது வேறொன்று.

1883 மார்ச் 25 கிறித்தவர்க்கு உயிர்த்தெழுந்த ஞாயிறு. அன்று கொழும்பு கொட்டாஞ்சேனையில், குணானந்த தேரரின் தீபதுத்தாராமத்தை நோக்கிப் பௌத்தர் ஊர்வலம் ஒன்று பறை முழக்கத்தோடு வந்தது. ஒருவர் திருநாளும் மற்றவர் ஊர்வலமும் ஒரே நாளில், ஒரே தெருவில் எதிர்ப்பட்டன. கத்தோலிக்கக் கூட்டத்தார் ஊர்வலத்தைத் தாக்கினர், பௌத்தர் ஒருவர் உயிரிழந்தார், பலர் காயமுற்றனர். குற்றவாளிகள் தண்டனை பெறவில்லை. பெரும்பான்மையோராகிய பௌத்தர்க்குத் தம் சொந்த நாட்டில் ஒரு திருநாளை அச்சமின்றிக் கொண்டாட வழியில்லை; அரசாங்க விடுமுறை நாட்களின் பட்டியலில் புத்தர் பெருமானுக்கு ஒரு நாளும் இல்லை.

பௌத்தர் ஒன்றுகூடி, ஆல்காட்டைத் தம் தூதராக 1884-இல் இலண்டனுக்கு அனுப்பினர். பழைய வழக்கறிஞரல்லரோ! குடியேற்ற நாட்டு அமைச்சகத்தாரிடம் பௌத்தர் குறைகளை முறைப்படி எடுத்துரைத்தார். கொட்டாஞ்சேனைக் கொலைக்கு நீதி கிடைக்கவில்லை. ஆனால் வைசாக முழுமதி நாள் அரசாங்க விடுமுறையாயிற்று. பெருமானின் பிறப்பும், ஞானம் பெற்றதும், பரிநிர்வாணமும் ஒரே நாளில் நேர்ந்தன என்று தேரவாத மரபு போற்றும் நாள் அது. 1885 ஏப்ரல் 28-இல் அவ்விடுமுறையின் முதல் வைசாகம் வந்தது. அன்றே, அதே தீபதுத்தாராமத்தில், குணானந்த தேரர் பௌத்தக் கொடியை முதன்முதலாக ஏற்றினார். நீலம், மஞ்சள், சிவப்பு, வெண்மை, காவி, இவற்றின் கலப்பு என ஆறு ஒளிகளைக் கொண்ட அக்கொடியைக் கொழும்பிலுள்ள குழுவினர் அமைத்தனர். முதலில் மிக நீண்டிருந்த அதனை ஏனைய கொடிகளின் அளவிற்குக் கொணர்ந்தவர் ஆல்காட். இன்று நம் விகாரைகளிற் பறப்பது அக்கொடியே.

இனி நம் நாட்டுக்கு வருவோம். 1882-இல் சங்கத்தின் தலைமையிடம் அடையாற்றுக்கு மாறியது. அத்தோட்டத்தைச் சுற்றி ஊரூர் முதலிய குப்பங்களில் வாழ்ந்த பஞ்சமர் குழந்தைகள் எழுத்தறியாது திரிந்தனர். சாதிப் பிள்ளைகள் பயிலும் பள்ளிகளின் வாயில் அவர்க்கு அடைபட்டிருந்தது. 1894-இல் ஆல்காட் அவர்க்காக இலவசப் பள்ளி ஒன்று தொடங்கினார். பின்னர் நகரின் வேறு பகுதிகளிலும் பள்ளிகள் எழுந்தன. மயிலைப் பள்ளிக்குத் திருவள்ளுவர் பெயர் வைத்தார். அமெரிக்காவிலிருந்து வந்த ஸேரா பாமர் அம்மையார் அப்பள்ளிகளை மேற்பார்த்துச் சீர் செய்தார். தமிழும் கணக்கும் தொழிலுக்கு உதவும் சில பயிற்சிகளுமே பாடம். உயர்கல்வியை ஆல்காட் கருதினாரல்லர். இது குறைவே எனினும், அந்நாளில் அக்குழந்தைக்குக் கையொப்பமிடத் தெரிதலும், கடன் பத்திரத்தைத் தானே படித்துப் பார்த்தலும் எத்தகைய மாற்றம் என்பதை நம் பாட்டன்மார் அறிவர்.

1898-இல் சித்த வைத்தியராகிய பண்டித அயோத்திதாசரும், பஞ்சமர் பள்ளி ஆசிரியர் கிருஷ்ணசாமியாரும் ஆல்காட்டை நாடி வந்தனர். தம் மக்கள் பண்டைப் பௌத்தரே என்றும், இழந்த தம்மத்தை மீளப் பெறத் துணை செய்தல் வேண்டும் என்றும் கேட்டனர். ஆல்காட் அவர்களைத் தம்மோடு கொழும்புக்கு அழைத்துச் சென்று, சுமங்கல நாயக தேரர் முன் நிறுத்தினார். அங்கே அவர்கள் பஞ்சசீலம் ஏற்றனர். மீண்டு வந்ததும் சென்னை இராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கம் தோன்றியது. கதவைத் திறந்து விட்டவர் ஆல்காட். உள்ளே சென்று வீட்டைக் கட்டியவர் அயோத்திதாசர். சங்கத்தை நடத்தும் பொறுப்பை வெள்ளையர் எவரிடமும் அவர் விடவில்லை. பின்னர் அச்சங்கத்தின் கிளைகள் கோலார் தங்கவயலிலும் பிற ஊர்களிலும் வேர்கொண்டன.

ஆல்காட்டின் இறுதியாண்டுகள் அமைதியாக இருந்தன என்று சொல்வதற்கில்லை. அவர் கைபிடித்து வளர்த்த அநகாரிக தர்மபாலர் அவரோடு மாறுபட்டுப் பிரிந்தார். எல்லாச் சமயங்களையும் ஒன்றாகக் காணும் தியாசபிக்கும், புத்தர் ஒருவரையே சரணடையும் நெறிக்கும் நெடுநாள் ஒத்துப்போதல் அரிதன்றோ. இவ்விஷயத்தில் எம் மனம் தர்மபாலர் பக்கமே சாய்கின்றது. 1906-இல் கப்பற் படியில் தவறி விழுந்தார் ஆல்காட். அதன்பின் உடல் தேறவில்லை. நோயோடு அடையாறு திரும்பி, 1907 பிப்ரவரி 17-இல் மறைந்தார். அவர் உடல் மீது அமெரிக்கக் கொடியும் பௌத்தக் கொடியும் போர்த்தித் தோட்டத்திலேயே எரியூட்டினர். இலங்கை 1967-இல் அவர் உருவோடு அஞ்சல் தலை வெளியிட்டது. அங்கே பிப்ரவரி 17-இல் விளக்கேற்றி அவரை நினைவுகூர்தல் வழக்கம்.

அவர் மறைந்து நான்கு திங்கள் சென்று, 1907 ஜூன் 19-இல், அயோத்திதாசரின் ஒரு பைசாத் தமிழன் இராயப்பேட்டையிலிருந்து முதல் இதழாக வெளிவந்தது. ஊரூர்க் குப்பத்தருகே ஆல்காட் தொடங்கிய பள்ளி, இப்போது பெசன்ட் நகர் எனப்படும் பகுதியில் அவர் பெயரோடு நடைபெறுகின்றது; ஏழைக் குழந்தைகள் அங்கே கட்டணமின்றிப் படிக்கின்றனர்.